கடன் வாங்கிய எச்சில்

மேஸ் குட்டியை யார் முத்தமிட்டாலும் உதட்டில் உப்புக் கரிக்கும். கரக் நகரத்துச் சொந்தக்காரர்கள் அதற்கொரு காரணமும் வைத்திருந்தார்கள். மலையிறங்கினால் சாக்கடல், காற்றில் ஏறி வந்திருக்கும் என்பார்கள். நான்கு வயதில் இருமல் நிற்காமல் போய், தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போன பிறகுதான் தலைநகர் அம்மானுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் லமீஸ் குழந்தையின் வியர்வையைச் சோதித்தார், மரபணுவைச் சோதித்தார், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார். மேஸின் அப்பா ஃபவ்வாஸைப் பெற்ற ஷம்ஸாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. உப்பு நோய் என்று அவளாகவே பெயர் வைத்துவிட்டாள்.

மருந்து ஆரம்பமானது. சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை, காலையும் மாலையும் முதுகைத் தட்டிச் சளி எடுக்க வேண்டும். தட்டுவது ஃபவ்வாஸின் வேலை. அம்மான் சாலையில் மினி பஸ் ஓட்டி வந்த கையோடு மகளைக் குப்புறப் போட்டுத் தட்டுவான். மேஸ் தாளத்துக்கு ஏற்றபடி பாடுவாள். மகள் என்றால் அவனுக்கு உயிர்.

அடுத்தது பெற்றோரின் மரபணுச் சோதனை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவன் மனைவி ருபா மருத்துவமனையிலேயே கொடுத்துவிட்டாள். ஃபவ்வாஸ் அப்போது வண்டி ஓட்டப் போயிருந்ததால் அவன் பங்குக் குச்சியைக் குழாயில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அங்கேதான் ஷம்ஸா குறுக்கே வந்தாள்.

"தேய்க்காதடா! உன் ரத்தத்துல குறைன்னு வந்துச்சுன்னா உன் தங்கச்சி ரத்தத்துலயும் குறைன்னுதானே பேசுவாங்க? பெருநாள் கழிச்சு ஹனாதிக்குக் கல்யாணம். உன் மாமன் அன்னிக்கே மோதிரத்தத் திருப்பி அனுப்பிருவான்."

மாமன் என்றால் ஷம்ஸாவின் கூடப்பிறந்த தம்பி கலஃப். அவர் மகள் ருபாவைத்தான் ஃபவ்வாஸ் கட்டியிருந்தான். அவர் மகன் ஸைஃபுக்குத்தான் ஹனாதியைக் கொடுப்பதாக இருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வீடு.

"அதுக்கு என்னம்மா பண்ணச் சொல்றே?"

"நல்ல எச்சிலா ஒண்ணு அனுப்பு."

ஃபவ்வாஸ் கொஞ்சம் யோசித்தான். குழந்தைக்கு நோய் என்று தெரிந்தாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று, இனி அப்பன் எச்சிலில் என்ன இருந்தால் யாருக்கு என்ன? அவனுக்கு யோசனை அதற்கு மேல் ஓடாது. நேரே டயர் கடை ஜிர்யெஸிடம் போனான். ஜிர்யெஸ் லாரி டயரைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள்.

"ஏன்டா, போலீஸ் கேஸா?" என்றான் ஜிர்யெஸ், வாயை ஆவென்று திறந்துகொண்டே.

"இல்லடா, மருத்துவம். நல்லாத் திற. என்னடா இவ்ளோ பூண்டு?"

"பூண்டும் சேர்த்தே அனுப்பு. எங்க வம்சத்துல ஒருத்தன்கூடத் தும்மினதில்ல."

முடிவு சொல்லும் நாளில் ஃபவ்வாஸின் மினி பஸ்ஸிலேயே எல்லோரும் அம்மானுக்குப் புறப்பட்டார்கள். பேத்தி விஷயம் என்று மாமா கலஃப் இஸ்திரி போட்ட அங்கியில் ஏறிக்கொண்டார். ஷம்ஸா ஒரு பை நிறைய மிட்டாயோடு வந்தாள். முடிவு என்ன என்பதுதான் அவளுக்கு முன்கூட்டியே தெரியுமே.

டாக்டர் லமீஸ் தாளைப் பிரித்தார். "ருபாகிட்ட அந்தக் குறை ஒண்ணு இருக்கு. அவங்க உடம்ப ஒண்ணும் பண்ணாது. பிள்ளைக்கு மட்டும் போகும்."

ஷம்ஸா தம்பியை இரக்கத்தோடு பார்த்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன் கலஃப், உன் பொண்டாட்டி வீட்டுச் சரக்கு."

"அப்பாகிட்ட அது இல்ல," என்றார் டாக்டர்.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஷம்ஸா கையை வாயருகே வைத்து ஒரு குலவை விட்டாள் பாருங்கள், யாருக்கோ பிரசவமாகிவிட்டது என்று நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு மிட்டாய். கலஃபின் வாயில் ஒன்றைத் திணித்தாள். டாக்டருக்கு நீட்டியதை அவர் வாங்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நோய் வரணும்னா அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டும் சேரணும். மேஸ்கிட்ட ரெண்டு இருக்கு." அவர் வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசினார். "எங்கயாவது குச்சி மாறிப் போயிருக்கலாம். இன்னொரு தடவ எடுத்துப் பாத்துடுவோம்."

"இன்னொரு தடவ எதுக்கு? அதான் நல்லா வந்திருக்கே!" என்றாள் ஷம்ஸா.

மாமா கலஃபின் தாடை நின்றுவிட்டது. பெண்ணைப் பெற்றவர், கணக்குப் போட்டார். "அம்மா ஒண்ணு. அப்பா இல்ல. அப்ப அந்த இன்னொண்ணக் குடுத்தது யாரு?"

ருபா முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. இவர் எனக்காக ஏதாவது சொல்வார் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது. மேசைக்கு அடியில் ஷம்ஸாவின் கால் ஃபவ்வாஸின் காலை அழுத்தியது. தைக்கக் கொடுத்திருக்கும் ஹனாதியின் கல்யாண உடுப்பு நினைவுக்கு வந்தது. கண்ணை டாக்டரின் தாளுக்குத் திருப்பிக்கொண்டான்.

"எந்திரி ருபா," என்றார் கலஃப். குரல் உடைந்திருந்தது. "நம்ம வீட்டுக்குப் போவோம்."

ருபா மேஸை மடியில் சாய்த்து அவள் காலில் ஷூ மாட்ட ஆரம்பித்தாள்.

"அது என் எச்சில் இல்ல!" என்று கத்தினான் ஃபவ்வாஸ். "ஜிர்யெஸோடது!"

கலஃப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டயர் கடை ஜிர்யெஸா? அந்தப் பயலா?"

"ஐயோ மாமா, குழந்தை இல்ல! எச்சில்! எச்சில் மட்டுந்தான் அவனோடது! குழந்தை என்னோடது!"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். குச்சி, பூண்டு, அம்மாவின் யோசனை எதையும் விடவில்லை. கலஃப் அவன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையாலேயே மகளின் தலையைத் தடவினார். டாக்டர் லமீஸ் முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனால் தாளை இறக்கியபோது அவர் சிரிக்கவில்லை.

"யாருக்குத் தெரியக்கூடாதுன்னும்மா இத்தனையும்?"

ஷம்ஸா தம்பியை மோவாயால் காட்டினாள். "இவனுக்குத்தான். இவன் மகனுக்குத்தான் என் மகளக் குடுக்கறோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ருபாவோட தம்பிக்கு, ஃபவ்வாஸோட தங்கச்சியவா? அப்ப முதல்ல அந்த ரெண்டு பேரையும் சோதிக்கணும்மா. இது பெரும்பாலும் அக்கா தம்பி உங்க ரெண்டு பேரோட அப்பா அம்மாகிட்டேர்ந்தே வந்திருக்கும். கல்யாணம் பண்ணப்போறவங்ககிட்டயும் ஆளுக்கொண்ணு இருந்துட்டா?"

மேஸ் இருமினாள். உள்ளிருந்து கிளம்பி நெஞ்சையே உலுக்குகிற அந்த இருமல் தினமும் வீட்டில் கேட்பதுதான். அதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டவள் போல ஷம்ஸா பேத்தியைப் பார்த்தாள். மிட்டாய்ப் பை மடியிலிருந்து சரிந்தது.

"ஹனாதிக்குப் பொறக்கறதும் இப்படி இருமுமா?"

"இருமாமலும் இருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும்."

ஷம்ஸா அழுதுவிட்டாள். கலஃப் பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதக்கா. உன் பக்கம் என் பக்கம்னு ஏது? நமக்கு அப்பன் ஒருத்தன்தானே," என்றார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி வாயைப் பெரிதாகத் திறந்தார். வயசானவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியும் அவர் வாயை மூடவில்லை. ஃபவ்வாஸின் கன்னத்தில் மட்டும் நர்ஸே குச்சியைப் போட்டுத் தேய்த்தாள். எல்லோரும் சுற்றி நின்று சாட்சி பார்த்தார்கள்.

திரும்பும்போது ருபா வழக்கம்போல முன் இருக்கைக்கு வரவில்லை. மேஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் கடைசி இருக்கைக்குப் போய்ப் பயணி மாதிரி உட்கார்ந்தாள். ஃபவ்வாஸ் சாவியைத் திருகாமல் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான்.

"ருபா, அதான் சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க."

"பின்ன என்ன?"

"ஒரு ஷூவ மாட்டி, கயிறு கட்டி முடிச்சு, அடுத்த ஷூவக் கையில எடுத்தேன் அத்தான். அதுக்கப்புறந்தான் சொன்னீங்க."