மட்டை போகலாம், ஆள் இருக்கணும்

உடையாமல் அனுப்புவதுதான் என் தொழில். கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து காங்கேயத்துக்குத் தேங்காய் ஏற்றி அனுப்புகிற கோகுல்நாத் என்றால் சந்தையில் நாலு பேருக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் நல்லவிதமாகவும் சொல்வார்கள். அதனால் என் மகள் மௌனிகா, "கோல்ஃப் மட்டையெல்லாம் பத்திரமா மூணாறு கொண்டுபோய்ச் சேர்க்கோணுங்ப்பா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காயைவிடவா?

மௌனிகா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். அங்கே எப்படியோ இந்த விளையாட்டு பிடித்துக்கொண்டது. எங்கள் வம்சத்தில் தரையில் கிடப்பதைத் தடியால் அடித்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் அதெல்லாம் பாம்பு. பந்தை அடிக்கப் போகிற முதல் ஆள் இவள்தான். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி, மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட் மைதானத்தில். சொந்த மட்டை கிடையாது. கோச் தன்னுடைய பதினாலையும் பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். அங்கே இரவல் தரமாட்டார்களாம். மட்டையோடு வருகிறவர்களுக்குத்தான் களம். விட்டால் அடுத்த வருசம்.

பை கட்டுவது எப்படி என்று கோச் வாட்சப்பில் விளக்கியிருந்தார். மட்டைத் தலைகளுக்கு உறை போட வேண்டும். இடைவெளியில் துணி அடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு கம்பைப் பைக்கு நடுவில் நிறுத்த வேண்டும். பை தலைகீழாக விழுந்தாலும் அடி கம்புக்குப் போகும், மட்டைக்குப் போகாது. படித்ததும் அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது. கிணற்று மேட்டு வேப்பமரத்தில் நேரான கிளையாக ஒன்று வெட்டி, பட்டை உரித்து, வழவழவென்று சீவினேன். மட்டைத் தலைகளுக்கு மௌனிகாவின் பழைய பள்ளிக்கூடச் சாக்ஸ். இடையில் அடைக்க என் லுங்கிகள்.

இதுவரைக்கும் தப்பு ஒன்றுமில்லை. தப்பு என்னவென்றால், அன்றைக்கு ஆயுத பூஜை.

டிராக்டர், மோட்டார், மம்பட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக நின்றன. என் மனைவி பூமாரி மட்டைகளையும் தூக்கிக்கொண்டுபோய் மம்பட்டிக்கும் அரிவாளுக்கும் நடுவில் சாய்த்தாள். "பாப்பாவுக்கு இதுதானுங்க ஆயுதம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அக்கா வாங்கிக் கொடுத்திருந்த அசல் சந்தனக் கட்டையை எடுத்து, கிண்ணம் நிறைய இழைத்து, பதினாலு மட்டைக்கும் பூசினாள். மிச்சமிருந்ததைக் கம்புக்கு அடியிலிருந்து நுனிவரை பூசிக் குங்குமமும் வைத்தாள். பையையும் விடவில்லை. நான் அதே ஈரத்தோடு எல்லாவற்றையும் பைக்குள் இறக்கி, மேலே சாக்கைச் சுற்றி, கோணி ஊசியால் தேங்காய் மூட்டை மாதிரி தைத்துவிட்டேன். மலைமேலிருந்து உருட்டினாலும் ஒன்றும் ஆகாது. அவ்வளவு பெருமை.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். தமிழ்நாட்டுக்குள் நுழையும் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொள்ளாச்சி, உடுமலை எல்லாம் தாண்டி மலைக்காட்டுப் பாதையில் ஏறினோம். தமிழ்நாட்டுக் கேட் எங்களை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொண்டது. சாயங்காலத்துக்குமேல் அந்தக் காட்டுக்குள் வண்டி விடமாட்டார்கள். யானை வரும் பாதை.

தமிழ்நாட்டுக் காடு முடிகிற இடத்தில் கேரளத்து வனச் செக்போஸ்ட். அங்கே ஜோமோன் என்கிற வனக் காவலன், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், "டிக்கியத் தொறங்க அண்ணாச்சி" என்றான்.

நான் திறந்தேன்.

வெயிலில் மூடிக்கிடந்த டிக்கிக்குள்ளிருந்து வந்ததே ஒரு வாசம்! குடமுழுக்கு நடக்கிற கோயில் தோற்றது. ஜோமோன் ஓர் அடி பின்னால் போனான். அப்புறம் மூன்று அடி முன்னால் வந்தான். மேலே மறையூர். நாட்டிலேயே பேர்போன சந்தனக் காடு. அதன் வாசலில், ஆள் நீளத்துக்கு, சாக்கில் சுற்றி, கோணி ஊசியால் தைத்த சாமான் ஒன்றைச் சந்தனம் மணக்க மணக்கக் கொண்டுவந்து நிறுத்திய புத்திசாலி நான்.

"என்னவாக்கும் இது?"

"கோல்ஃப் மட்டைங்க."

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் வேட்டியைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான். "யாரு வெளையாடுதா? நீங்களா?"

மௌனிகா இறங்கி வந்து, "நாந்தாங்ணா" என்றாள்.

சாக்கை அறுத்தான். முதலில் வெளியே வந்தது, போயும் போயும், பட்டை உரித்து வழவழவென்று இழைத்த மஞ்சள் நிறக் கம்பு. அதைப் பார்த்ததும் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

"வேம்புங்க!" என்றேன். "சும்மா முட்டுக் கொடுக்க வெச்சது."

"முட்டுக் கொடுக்க எதுக்கு அண்ணாச்சி சந்தனம் பூசணும்?"

"ஆயுத பூஜைங்க தம்பி" என்றாள் பூமாரி.

கம்பைக் கத்தியால் சுரண்டி மோந்தான். மறுபடி சுரண்டினான், மறுபடி மோந்தான். "எனக்கும் வேம்புன்னுதான் தோணுது. ஆனா எம் மூக்கு செத்துப்போச்சு. இப்ப என் சட்டையே சந்தனமா நாறுது. ரேஞ்சர் சாரு பாத்துச் சொல்லணும். அவரு நாளைக்குக் காலை கழிஞ்சுதான் வருவாரு."

"தண்ணி ஊத்திக் கழுவிட்டு மோந்து பாருங்க" என்றாள் பூமாரி.

"கழுவினா, தடயத்த ஏண்டா கழுவுனன்னு சாரு எம் மேல கேசு போடுவாரு."

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. வேம்பென்றால் கசக்குமில்லையா? கம்பைப் பிடுங்கி நுனியைக் கடித்தேன். சந்தனமும் குங்குமமும் வாயெல்லாம் அப்பிக்கொண்டது. கடைவாயில் வைத்து இன்னும் ஆழமாகக் கடித்தேன். கசந்தது! "கசக்குது பாருங்க! நீங்களும் ஒரு கடி கடிங்க!" என்று நீட்டினேன்.

ஜோமோன் கம்பை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினான். "அண்ணாச்சி, இனி இதுல உங்க பல்லும் சேர்ந்து கேசாகும். தயவுசெஞ்சு வண்டிக்குள்ள உக்காருங்க. ஆனை இறங்குற எடம்."

உட்கார்ந்தோம். குரங்குக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றினோம். பின்னால் தமிழ்நாட்டுக் கேட் மூடியாகிவிட்டது. முன்னால் கேரளக் கேட் திறக்கப்போவதில்லை. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் குரங்குக் கை உள்ளே வந்தது. ஏற்றினால் சந்தனம் மூச்சை அடைத்தது. கருவறைக்குள் சாமி எப்படித்தான் காலம் தள்ளுகிறதோ.

"இத்தனையா பூசுவாங்க?" என்றேன்.

"சாமிக்குப் போயி அளவு பாக்கோணுங்களா? தேங்கா மூட்டையாட்டத் தெச்சது ஆருங்க? சும்மா பையில வெச்சிருந்தா அந்தத் தம்பி பாத்ததுமே தெரிஞ்சிருக்கும்."

"பத்திரமா இருக்கோணும்னுதான் தெச்சேன்."

"பத்திரமாத்தான் இருக்குது. அசையவே மாட்டீங்குது."

மௌனிகா பின்சீட்டில் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை மட்டையின் பிடி மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரலைக் கோத்தாள், பிரித்தாள், மறுபடி கோத்தாள். தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவள் சின்னதிலிருந்தே அழுதால் பயப்பட மாட்டேன். இப்படிச் சத்தமில்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"கண்ணு" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்ப்பா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

அதற்கு என்னை அடித்தே இருக்கலாம்.

கதவைத் திறந்து இறங்கினேன். யானை வந்தால் வரட்டும். ஜோமோனிடம் போனேன். "தம்பி, கம்பு என்னுது. வெட்டினது நான், தெச்சது நான், கடிச்சதும் நான். என்னைப் புடிச்சு வெச்சுக்குங்க. இரும்பு என்ன பாவம் பண்ணுச்சு? என்ற பொண்ணு காலைல அங்க மட்டையோட நிக்கோணும். இல்லைன்னா அவ பேரே கூப்புட மாட்டாங்க."

அவன் காரிலிருந்து இறங்கி வந்த மௌனிகாவைப் பார்த்தான். அப்புறம் வயர்லெஸ்ஸை எடுத்தான். "சாரே..." என்று மலையாளத்தில் ஆரம்பித்தான். நடுவில் பையிலிருந்து தலை பெருத்த மட்டை ஒன்றை உருவி, "இது என்ன மோளே?" என்றான்.

"த்ரீ வுட்டுங்ணா."

"வுட்டா?"

"பேருதாங்ணா அப்படி! இரும்புங்ணா, இரும்பு!" என்று பதறினாள். தட்டிக் காட்டினாள். ணங்கென்றது.

"இரும்பாணு சாரே" என்றான் ஜோமோன் வயர்லெஸ்ஸில். எதிர்முனை நெடுநேரம் கரகரத்தது. சிரிப்புச் சத்தமும் கேட்ட மாதிரி இருந்தது. ஜோமோன் திரும்பினான். "மட்டை போகலாம். கம்பு, சாக்கு, துணி, சந்தனம் ஏறுன அந்தப் பை, வண்டி, ஆள் எல்லாம் இங்க இருக்கணும். சாரு வர்ற வரைக்கும்."

"பையில்லாம எப்படிங்க தம்பி? சாக்ஸாவது..."

"சாக்ஸும் மணக்குது அண்ணாச்சி."

கீழேயிருந்து உறுமல் கேட்டது. யானையில்லை, உடுமலையிலிருந்து மூணாறு போகிற கடைசி பஸ். அரசு பஸ்ஸுக்கு மட்டும் கேட் திறப்பார்கள். பூஜை லீவுக்குக் கீழே போய்வந்த எஸ்டேட் ஜனம் நெருங்கி உட்கார்ந்திருந்தது. ஜோமோன் ஏறிச் சொன்னான். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். மௌனிகாவும் பூமாரியும் ஆளுக்கு ஏழு மட்டையை விறகுச் சுமை மாதிரி கட்டிப்பிடித்து நின்றார்கள்.

"கம்பியெல்லாம் மேல போடுங்க" என்றார் கண்டக்டர்.

மேலேயா? இனி வருகிற கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குள் திரும்பின. "ஐயா, ஒண்ணோடொண்ணு மோதப்படாதுங்க! தலைக்கு எதாச்சும் துணி வெச்சு, நடுவுல ஒரு..." நடுவில் ஒரு கம்பு என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, நாக்கு நின்றுவிட்டது.

முன்சீட்டில் மடியில் பெரிய ஜவுளிப் பையோடு இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "என்ன மக்கா, சந்தனக்கூடா?" என்றாள்.

"நாளைக்குப் போட்டிங்க. வெளையாடப் போறேன்" என்றாள் மௌனிகா. குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் போய்விட்டது.

"அதுக்கு எதுக்குட்டி அழுகுத? மேல போட்டா முதல் வளைவுலயே உருண்டு காட்டுக்குள்ள போயிரும். ஆனைதான் வெளையாடும். இங்க கொண்டா ரெண்டு." ஜவுளிப் பையைக் காலடியில் தள்ளி, இரண்டு மட்டையை வாங்கி முழங்காலுக்கு நடுவில் குடை மாதிரி நிறுத்திக்கொண்டாள். "ஏ ஆன்மேரி, நீ ஒண்ணு பிடி. தலையத் தொடாத, தண்டைப் பிடி. ஜோஜோ, போனை வச்சிட்டுக் கைய நீட்டுல."

மட்டைகள் கை மாறிக் கை மாறி உள்ளே போயின. ஒருவர் தன் கைக்கு வந்த மட்டையின் தலைக்குத் தன் மங்கி குல்லாயைக் கழற்றி மாட்டினார். ஒரு கைக்குழந்தை பளபளப்பை நக்கப் பார்த்தது, அதன் தாய் தடுத்தாள். பின்சீட்டுப் பெரியவர் தனக்கு வந்த மட்டையால் முதுகைச் சொறிந்து, "சொகமா இருக்கு" என்றார். கண்டக்டர் கடைசியில், "சரி சரி, எனக்கும் ஒண்ணு குடுங்க, இல்லன்னா டிக்கெட் கிழிக்க எடமில்ல" என்றார்.

பூமாரி ஏறினாள். படியில் நின்று என்னிடம், "கண்ணாடிய எறக்காதீங்க. மாத்திரை முன்னால டப்பால இருக்குதுங்க" என்றாள்.

மௌனிகா கடைசியாக ஏறினாள். ஆயிரம் சொல்ல வேண்டியிருந்தது. எதை எப்படிப் பிடிக்கவேண்டும், இறங்கும்போது எப்படி எண்ணி வாங்கவேண்டும். வாயைத் திறந்தேன்.

"அப்பா" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

படியிலிருந்து விலகி நின்றேன்.

ஜோமோன் கேட்டைத் தூக்கினான். பஸ் போயிற்று. ஜன்னல் ஜன்னலாக மட்டைத் தலைகள் ஆடிக்கொண்டு போனதைத் திருப்பம் வரைக்கும் பார்த்தேன். ஒன்றும் மோதவில்லை. இடிக்க விடாமல் ஆளுக்கு ஆள் அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

கேட்டை இறக்கிவிட்டு ஜோமோன் வந்தான். "பிள்ள ஜெயிச்சுருமா அண்ணாச்சி?"

"தெரியாதுங்க தம்பி. பேரைக் கூப்பிட்டா அங்க இருப்பா."

"உள்ள ஏறிக்கிடுங்க" என்றான்.

ஏறினேன். கண்ணாடியை ஏற்றினேன்.