பூசாரி தேவைப்படாத பதிப்பு

எங்கள் பகடையாட்டப் புத்தகத்தின் நான்காம் பதிப்பை எழுதிய புண்ணியவான்கள் ஒருமுறைகூட சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வெட்டுப்பட்ட வீரன் சண்டைக்கு நடுவே நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டால் போதுமாம், காயம் ஆறிவிடுமாம். இதற்குப் பெயர் விதியாம்!

2008இல் இந்தப் புத்தகத்தை நாவலூர் ஆபீசிலிருந்து தூக்கி வந்தவன் ஷ்யாம். அதுவரை கல்பாக்கம் டவுன்ஷிப்பில், சீனு வீட்டு மாடி அறையில், ஞாயிறுதோறும் இரண்டாம் பதிப்பைத்தான் ஆடினோம். பகடை உருட்டிக் கற்பனைக் குகைகளில் பூதங்களோடு மோதும் ஆட்டம். சீனு கதையை நடத்துவான். ஷ்யாம் வாள்வீரன், ஸ்ரீதேவி மந்திரக்காரி, நான் பூசாரி.

"சர்ச்சுலேர்ந்து நேரா வந்து பூசாரி ஆயிடுறான் பாரு ஜெபகுமாரு" என்று ஸ்ரீதேவி கிண்டலடிப்பாள். அடித்தால் என்ன? அந்தப் பதிப்பில் காயத்தை ஆற்றப் பூசாரி ஒருவனால்தான் முடியும். ஆராதனை முடிந்து நான் வரும்வரை மூன்று பேரும் என்னைத் திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும்.

"மச்சான், உன் பழைய புக்குல கவசம் நல்லா இருந்தா அதோட நம்பர் கொறயுது. இன்னா லாஜிக்கு இது?" என்றான் ஷ்யாம்.

"கழித்தல் தெரியாதவன் சாவட்டும்னுதான்" என்றேன். "உன் புக்குல இன்னா கீது? கத்தி தூக்குறவனுக்கும் அதே வித்தை, மந்திரக்காரிக்கும் அதே வித்தை. கம்ப்யூட்டர் கேமுக்கு அட்டை போட்டு வித்துட்டான், நீயும் வாங்கினு வந்துட்ட."

"ஒரு தபா ஆடிப் பாப்போம்" என்றான் சீனு. முதுகெலும்பில்லாத ஜென்மம்.

அடுத்த ஞாயிறு நான் மாடியேறும்போதே பகடைச் சத்தம் கேட்டது. என்னை விட்டுவிட்டு ஆரம்பித்திருந்தார்கள். குகையில் பாதி தூரம் போய்விட்டார்கள். ஷ்யாமின் வீரனுக்குப் பலமான அடி. பழக்கதோஷத்தில், காயத்தை ஆற்ற என் கை பகடையை நோக்கிப் போனது. அதற்குள் அவன், "மூச்சு இழுத்துக்கிறேன்" என்று சொல்லி, தாளிலிருந்த உயிர் எண்ணை அழித்துப் புது எண் எழுதிக்கொண்டான். அவ்வளவுதான் வைத்தியம்.

"ஒக்காரு மச்சான்" என்றான் சீனு, தலையைத் தூக்காமல். "பூசாரியாவே இரு, இல்ல வேற எதுனா எடுத்துக்கோ. எதுன்னாலும் ஓகே."

எதுன்னாலும் ஓகே. வீட்டுக்கு வந்து அந்தப் பதிப்பை வாய்க்கு வந்தபடி ஏசினேன். எவ்வளவு ஏசியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மறு ஞாயிறு சர்ச்சில் பிரசங்கம் தொடங்கும்முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். அம்மா முறைத்த முறைப்பைப் பொருட்படுத்தாமல் வண்டியைக் கிளப்பினேன். மாடி அறையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சாவகாசமாக வந்தார்கள்.

ஸ்ரீதேவி என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "இன்னாடா, சர்ச்சுக்குப் போவலியா? முடிச்சிட்டு மெதுவா வந்திருக்கலாமே. இப்பல்லாம் உனக்காவ நாங்க காத்துகினு இருக்கிறதில்லையே."

அவள் அக்கறையாகத்தான் சொன்னாள்.