மூன்றாம் பாகத்தில் அவன் தட்டவில்லை

முதல் பாகத்தில் நாயகன் கதவைத் தட்டுவான், மனைவி திறப்பாள். இரண்டாம் பாகத்தில் தட்டிக்கொண்டே இருப்பான், அவள் திறக்கமாட்டாள். மூன்றாம் பாகத்தில் அவன் தட்டவே இல்லை. குனிந்து, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் கவிழ்த்திருந்த காது உடைந்த கப்பை நிமிர்த்தி, சாவியை எடுத்தான்.

கேம்களை வெளியிடும் முன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை. தொடர்கதை கேம் என்றால் பழைய பாகங்களையும் பக்கத்துத் திரையில் ஓடவிட்டு ஒப்பிடுவாள். மூன்றுக்கும் கதை எழுதியவன், அவள் விட்டு வந்த கணவன். என்ன எழுதுகிறான் என்று தெரிந்திருப்பதே பாதுகாப்பு என நினைத்து, அவளே கேட்டு வாங்கிய வேலை இது. முதல் பாகத்து வீடு, அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது. இரண்டாவது, அவளுடைய அம்மா வீடு. இரண்டும் அவனுக்குத் தெரியும். திரையில் இப்போது இருப்பது, யாருக்கும் முகவரி சொல்லாமல் தங்கையோடு அவள் குடிவந்த வீடு.

“எப்படி, பழசுக்கு இது தேவலையா?” பக்கத்து இருக்கைத் தாடிக்காரன் எட்டிப் பார்த்தான். “ரெண்டாவது ஜவ்வா இழுத்துச்சே.”

“வேகமா போகுது,” என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சமையலறைக் குழாயில் நீலத் துணி சுற்றியிருந்தது. ஒழுகுகிறதென்று அவள் அதைச் சுற்றியது போன வாரம். இந்தப் பதிப்பு வந்தது இன்று காலை.

“துணி கட்டின குழாய்! மனுசன் எதையும் விடலப்பா.” தாடிக்காரன் சிரித்தான்.

நாயகன் படுக்கையறைக்குள் போனான். கட்டிலில் யாரோ இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்த தங்கை இந்நேரம் அங்கேதான் தூங்குவாள்.

அவள் போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள்.

“என்னக்கா, இப்பத்தான் கண்ண மூடினேன்.”

“எந்திரி. வெளிய வா. போன வைக்காத.”

“ஏன், வீடு தீப்பிடிச்சிருச்சா?”

“சொன்னா கேளுடி!”

அந்தக் குரலில் தாடிக்காரன் எழுந்தே விட்டான். போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“வந்துட்டேன். இப்ப என்ன?”

“ஸ்டாண்டுக்கு அடியில கப்பு எப்படி இருக்கு?”

“நிமிந்து இருக்கு. சாவியக் காணோம். நீயா எடுத்துட்டுப் போன?”

“கீழ் வீட்டுக்கு ஓடு.” தாடிக்காரனிடம் திரும்பினாள். “போலீசுக்கு போன் அடி.”

திரையில் நாயகன் கட்டிலருகே அசையாமல் நின்றான். அவனுக்குக் கீழே இரண்டு கட்டங்கள் மின்னின: எழுப்பு. காத்திரு. அவள் விசைகளிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

போனில் படி இறங்கும் சத்தம், கதவு தட்டும் சத்தம். “உள்ள வாம்மா, ஏன் இப்படி ஓடி வர்ற?” என்று கீழ் வீட்டு அம்மாளின் குரல்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தங்கை குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அக்கா, மேல நம்ம வீட்ல யாரோ நடக்கறாங்க.”