சீனாருக்கு மட்டும் கொடுத்த பால்

கார் கிளம்பிவிட்டது. நுர்சாத் ஓடிப்போய் அதன் முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "அக்கா, சாகணும்னா வேற வண்டி பாருங்க. இது என் மச்சானோடது."

"கொஞ்ச நேரம் நிறுத்துப்பா."

பின் சீட்டில் தங்கை சீனார். மூன்றாவது கருவும் கலைந்த கையோடு, மாமியார் சாய்ரா அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். புருஷன் தலாந்த் ஆடு மேய்க்கிற சாக்கில் மலையேறிவிட்டான். இந்த வண்டி போய்விட்டால் சீனாரைத் திரும்ப அழைக்க யாரும் வரப்போவதில்லை.

நுர்சாத் சாய்ராவின் பசுவிடம் ஓடினாள். நரின் நகரத்துக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கைப்பையில் தீப்பெட்டி அளவில், கிருமியைக் கண்டுபிடிக்கும் ஒரு பயோசென்சர் கருவி. ஒரு சொட்டுப் பால் போதும். பாலில் புருசெல்லா கிருமி இருந்தால் கருவியில் பூசிய புரதம் அதைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியும்.

காம்பிலிருந்து நேராகக் கருவியின்மேல் பீய்ச்சினாள்.

"பசுவுக்குப் பிரசவம் பாக்கிறியா?" அவர்கள் குடியிருக்கும் கூடாரத்து வாசலில் சாய்ரா இடுப்பில் கை வைத்து நின்றாள். "குறையை உன் தங்கச்சிகிட்ட வச்சுக்கிட்டு என் மாட்டுல தேடுறே."

"இந்தப் பாலைக் காய்ச்சாம யார் குடிச்சா, அத்தை?"

"எங்களுக்கெல்லாம் கொதிச்ச பால்தான். அவளுக்கு மட்டும் கறந்த சூட்டோட முதல் கிண்ணம். பிள்ளைத்தாச்சிக்கு நல்லதுன்னு தினமும் நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அதையும் குத்தம்னு சொல்லு."

விளக்கு சிவப்பாக எரிந்தது.

நரினிலிருந்து வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவுகளை விட்டுவிட்டு, நுர்சாத் கருவியைச் சாய்ராவிடம் நீட்டினாள்.

"இந்தக் கிருமி கருவைக் கலைச்சிடும் அத்தை. அவ ரத்தத்தையும் பாக்கணும். மாத்திரை இருக்கு, குணமாயிடும்."

சாய்ரா அந்த விளக்கையே பார்த்தாள். பிறகு காரின் பின்கதவைத் திறந்து சீனாரின் பெட்டியை இறக்கிப் புல்லில் வைத்தாள். அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பழைய பாலையும் இது சொல்லுமா? முப்பது வருஷத்துக்கு முந்தி குடிச்சது?"

"சொல்லாது. ஏன் அத்தை?"

சாய்ரா மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் என் மாமியார் அப்படித்தான் குடுத்தாங்க. தலாந்துக்கு இது தெரியாது. அவனுக்கு முன்னாடி நாலு கலைஞ்சு போச்சு எனக்கு."