வெளிப்பக்கம் மடித்த இலை

"நாற்பதே நிமிட விளையாட்டு. வயிறு வலிக்கச் சிரித்தேன். பேய்களுக்கு இப்படி வசனம் எழுதிய காளிராஜின் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்" என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்ததைப் படித்ததும் சத்தியப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காரைக்குடியில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் அவளுக்கு வேலை. திரையின் ஒரு பாதியில் காதணி விழாக் குழந்தையின் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தாள். மறுபாதியில் 'பேய் வீட்டு விருந்து' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் பக்கத்தைத் திறந்துவைத்து, ஆடியவர்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

காளிராஜ் ஆறு மாதம் முன்புவரை இதே கடையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். வெள்ளைக்காரர்களின் பேய்த் திருநாளான ஹாலோவீனுக்கு ஒரு சின்ன விளையாட்டு செய்யலாம் என்று ஆரம்பித்தது அவன்தான். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவனுடையதுதான், அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கதை? பேய் வேஷம் போட்ட ஒருத்தி மிட்டாய் கேட்டு கானாடுகாத்தானின் பூட்டிய பெரிய வீடுகளைத் தட்டுகிறாள். உள்ளே இருக்கும் நிஜப் பேய்கள் "வாங்க, வாங்க" என்று உட்காரவைத்து இலை போட்டுவிடுகின்றன. அடிதடி கிடையாது. "போதும்" என்பதுதான் நம் கையில் இருக்கும் ஆயுதம், "இன்னும் ஒரே ஒரு கந்தரப்பம்" என்பதுதான் எதிரியின் தாக்குதல். வயிறு நிறைந்தால் ஆட்டம் குளோஸ். இத்தனையும் அவள் மண்டையில் உதித்தது. அவனோ சென்னைக்குப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்து, தனி ஆளாக ராப்பகலாக உழைத்தேன் என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறான். நன்றி சொல்லும் பட்டியலில் அவன் வளர்க்கும் பூனைக்குக்கூட இடம் இருந்தது. அவளுக்கு இல்லை.

ஒரு நட்சத்திரம் கொடுத்து, திருட்டுப்பயல் என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்கு அடித்துவைத்திருந்தாள். கூட வேலை செய்யும் ஜன்னத்துல் பிர்தௌஸ் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதப் போட்டா வயித்தெரிச்சல்ல பேசுறான்னுதான் சொல்லுவாக. ஆதாரம் எங்கடி?"

நியாயமான கேள்விதான். சத்தியப்பிரியா மறுபடியும் மேலிருந்து படித்தாள். பாராட்டுக்கு நடுவே பதினோரு பேர் ஒரே புலம்பலைப் புலம்பியிருந்தார்கள். கடைசி வீட்டில் சாம்பார் வாளியோடு நிற்கும் பந்திப் பேயை ஜெயிக்கவே முடியவில்லை, இலையை மடித்தாலும் புது இலை போடுகிறது, கொல்லை வழியாக ஓடினால்தான் தப்பிக்கலாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கடைசி வீட்டை மட்டும், அவனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, முழுக்க அவளே செய்திருந்தாள். இலையை இரண்டு பக்கமும் மடிக்கலாம். காளிராஜ் பத்துத் தடவை ஆடிப் பார்த்தான், பத்துத் தடவையும் தன் பக்கமாகத்தான் மடித்தான். துக்க வீட்டில் மடிப்பதுபோல் வெளிப்பக்கமாக மடிக்க நம் ஊரில் யாருக்கும் விளையாட்டுக்குக்கூடக் கை வராது. வெளியூர்க்காரர்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவனே கண்டுபிடித்துச் சிரிக்கட்டும் என்று அன்றைக்கு ஆசை ஆசையாக ஒளித்துவைத்தது அது.

எழுதிய இரண்டு பக்கத்தையும் அழித்தாள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். "அருமையான விளையாட்டு. கடைசி வீட்டில் இலையை வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள்" என்று மட்டும் எழுதிப் போட்டாள். பொத்தானை அழுத்தும்போது அவளுக்கு நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

மூன்றே நாள். ஆடுகிறவர்கள் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இலை வெளிப்பக்கம் மடிந்ததும் பந்திப் பேய் திடுக்கிட்டு நிற்கிறது. "யாரு செத்தது?" என்று கேட்கிறது. சுற்றுமுற்றும் பார்க்கிறது. "நானா?" என்கிறது. வாளியை மெதுவாக இறக்கிவைத்துவிட்டுக் கரைந்துபோகிறது. அது நின்ற சுவரில் காவி எழுத்தில் தெரிகிறது: கதை, வசனம், பேய்கள் எல்லாம் காரைக்குடி சத்தியப்பிரியா. வீடியோக்களுக்குக் கீழே ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: தனி ஆளாகச் செய்தேன் என்றாரே, இது யார்?

நாலாம் நாள் மதியம், கடையில் வாழையிலைப் பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காளிராஜ் கூப்பிட்டான். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சத்யா, கோவிச்சுக்கிறாத. எல்லாரும் திருடன்னு திட்டுறாங்க. கம்பெனியிலயும் கேட்டுட்டாங்க. உன் பேர நானே முதல்ல போட்டுர்றேன். நாம சேந்துதான் செஞ்சோம்னு நீ ஒரு வார்த்தை எழுதிரு, போதும்."

முதலில் அவள் பெயர். இந்த வார்த்தைக்காகத்தான் ஆறு மாதமாகச் சரியாகத் தூங்காமல் கிடந்தாள். இப்போது அது காதில் விழுந்தும் ஒன்றும் இனிக்கவில்லை. கடைசி வாய்ச் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கேன். இரு" என்றாள்.

பருக்கைகளை நடுவில் ஒதுக்கினாள். பிறகு இலையின் கீழ் விளிம்பைப் பிடித்து வெளிப்பக்கமாக மடித்து, கையால் அழுத்தி நீவிவிட்டாள். எதிரில் இருந்த பிர்தௌஸ் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் அந்த இலையையே பார்த்தாள்.

"சத்யா?" போன் மேஜைமேல் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது. "சத்யா, இருக்கியா?"