பலகைக்குள் ஒரு கோலம்

பட்டாளத்தார் கழித்துப்போட்ட லாரியை வாங்கி, எட்டு மாதம் மல்லுக்கட்டி, அதை வேனாக மாற்றியிருந்தான் அங்கமுத்து. மலாயாவின் மெர்லிமாவில் அவனுடைய பட்டறையைக் கடந்தவர்கள் எல்லாரும் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவன் மனைவி பாக்கியலட்சுமி மட்டும் பின்பக்கச் சிவப்புப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னங்க, புதுப் பலகைன்னு சொன்னீங்க. கரையான் அரிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும் பாக்கியம், ஏறு."

தலைதீபாவளிக்குச் செலண்டார் தோட்டத்தில் இருந்த அவள் அப்பா வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, சாலையில் ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் குற்றம். அதனால் முறுக்குத் தகரம்கூட இல்லாமல், இரண்டு வேட்டியும் ஒரு சேலையும்தான் கொண்டுபோனார்கள். தோட்டத்து லாரி ஓட்டும் மாமனார் ராமையா இந்த வண்டியைப் 'பட்டாளத்துக் குப்பை' என்று சொல்லியிருந்தார். அதற்குப் பதில் அந்தப் பலகைக்குள் இருந்தது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியவள் பாக்கியம் என்று அங்கமுத்து முடிவு செய்திருந்தான்.

ஜாசினைத் தாண்டியதும் மழை இருட்டு. சாலைத் தடையில் போலீஸ் கைகாட்டியது. காவலர்களுக்குத் தலைவரான கோப்ரல் வண்டியைச் சுற்றி வந்து பின்பலகையைத் தட்டினார். 'டொக்' என்று வெற்றிடத்தின் சத்தம் கேட்டது. துளைகளில் விரலை வைத்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"உள்ளே ஆள் இருக்கிறானா? இது மூச்சு விடுகிற ஓட்டையா?" என்று மலாயில் அதட்டினார். ஒரு காவலர் கோடரியோடு வந்தார். இன்னொருவர் பாக்கியத்தை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார்.

அங்கமுத்து பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தான். பலகை உடைந்தால் போகட்டும். தலைதீபாவளியன்று பெண்டாட்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு லாக்கப்பில் கிடப்பதா?

"லம்பு, துவான்! பிரேக் லம்பு! மிதிச்சுக் காட்டுறேன்!" விளக்குதான் ஐயா என்று மலாயில் கெஞ்சினான்.

கோப்ரல் துப்பாக்கியால் முன்பக்கத்தைக் காட்டினார். அங்கமுத்து ஏறி உட்கார்ந்தான். காலையில் முறுக்கிவிட்ட ஒயர் குலுக்கலில் கழன்றிருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான்.

கோடரி பலகையில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

வந்தது பாக்கியத்தின் குரல்தான். "ஐயோ... என் கோலம்!"

வாசலில் அவள் தினமும் போடும் ஒன்பது புள்ளித் தாமரை. அவள் வேலையாக உள்ளே போன நேரத்தில் தாளில் வரைந்து, பலகையில் புள்ளி புள்ளியாகத் துளையிட்டு, பின்னால் சிவப்புக் கண்ணாடியும் பல்பும் பொருத்தியிருந்தான். பிரேக் போட்டால்தான் பூ தெரியும்.

"லாகி!" என்றார் கோப்ரல். இன்னொரு தடவை மிதித்தான். மூன்றாம் தடவைக்கு, கோடரிக்காரரும் அதைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். தடை உயர்ந்தது.

பாக்கியம் முன்னால் ஏறி உட்கார்ந்தாள், வண்டி நகர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"மூணாவது வரிசையில ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

"அங்க ஆணி இருந்திச்சு."

"சரி, எனக்காகவா செஞ்சீங்க?"

"வேற யாருக்காம்?"

"முன்னால உக்காந்திருக்கிறவ பின்னால எரியறத எப்படிங்க பாக்கிறது?"

எட்டு மாதத்தில் இது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"நல்லவேளை, அந்த கோப்ரல் என்னை எறக்கிவிட்டாரு. தோட்டத்து கேட்டுக்கிட்ட நான் எறங்கி அப்பாவக் கூட்டிட்டு பின்னாடியே வர்றேன். நீங்க லயத்து வீடு வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் போங்க. குப்பைன்னு சொன்னவரு நல்லாப் பாக்கட்டும்லா."

ரப்பர் மரங்களுக்கு நடுவே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அங்கமுத்து ஒரு காரணமும் இல்லாமல் பிரேக்கை மிதித்தான். பாக்கியம் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். பூ தெரியவில்லை. ஈரத் தாரில் அதன் சிவப்பு மட்டும் விழுந்து கிடந்தது.

"இன்னொரு தடவ," என்றாள்.