களிமண்ணில் மூன்று காசுத் தடிமன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஹெட் கேஸ்கட்டிலிருந்து, அதாவது எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கிற தகட்டிலிருந்து, வந்தது. ஜோடியாக விற்கிற சரக்கில் ஒன்று மட்டும் போதும் என்று ட்வைட் ஓலிங்கர் கேட்டார்.

இந்தியானாவில் எங்கள் உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் என் தலைமுடி நரைக்கிற அளவுக்கு நின்றுவிட்டேன். ஒருவர் என்ன கேட்கிறார் என்பதை வைத்தே அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். எஞ்சினைக் கட்டி முடித்து, மகளின் பந்தயக் காரில் ஏற்றியும்விட்ட மனிதர் ஒற்றை கேஸ்கட் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பூட்டிய தலையைத் திரும்பக் கழற்ற நினைக்கிறார்.

ட்வைட் அதை வாங்கவில்லை. உறையைப் பிரிக்காமல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவுண்டரில் வைத்தார்.

"மேகி, ஜனெல் வந்தா நான் இதைக் கேட்டேன்னு சொல்லிடாதே."

"ஏன்? மக கிட்ட மறைக்க இது என்ன சிகரெட்டா?"

"சிகரெட்டா இருந்தா தேவலையே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

(மகேஸ்வரியை இந்த ஊர் மேகி ஆக்கிவிட்டது. இங்கே யாருக்கும் அந்த நூடுல்ஸைத் தெரியாது. அதுவரை லாபம்.)

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "ட்வைட் ஓலிங்கரின் கைகள் நடுங்கின." பொய். அவர் கை நடுங்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "எஞ்சின் என்பது மனித இதயத்தைப் போல—" வேண்டாம். இதைப் படித்தால் எங்கள் கடைக்கு வருகிற ஒருவர்கூட இனி என்னிடம் ஆயில் வாங்கமாட்டார்.

மூன்றாவது: "ஒரு பொருளைத் திறந்து, அதற்குள் இருக்கிற மென்மையை எடுத்துவிட்டு—"

[இதை முடிக்கத் தெரியவில்லை. ஆனால் அடிக்கவும் மனசில்லை. இருக்கட்டும்.]

அந்தப் பொருள் லிஃப்டர். நம் ஊர் மெக்கானிக்குகள் டேப்பட் என்பார்கள். கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்பு உருளை. கேம் என்கிற மேடு வைத்த தண்டு சுற்றும்போது இது மேலே எழும்பி, ஒரு கம்பியைத் தள்ளி, வால்வைத் திறக்கும். ஹைட்ராலிக் வகையில் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கும் அமுங்கக்கூடிய ஒரு குட்டி உருளையும் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் நிரம்பி அது விறைத்து நிற்கும். ஓடாதபோது, மேலே பாரம் ஏறினால் மெல்ல அமுங்கிவிடும்.

ஓடுவதற்கு அது நல்லது. அளப்பதற்கு ஆகாது. எஞ்சின் கட்டும்போது, வால்வு முழுதும் திறந்த நிலையில் கீழிருந்து மேலே வருகிற பிஸ்டன் அதை இடிக்காமல் இருக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் சுற்றி, திரும்பக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைப் பிளேடால் அறுத்து அதன் தடிமனைப் பார்ப்பார்கள். லிஃப்டர் அமுங்கினால் வால்வு முழுதாகத் திறக்காது. களிமண்ணும் தடிமனாகவே வரும். நிறைய இடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

அதனால் எஞ்சின் கட்டுகிறவர்கள் எல்லாரிடமும் உள்வால்வுக்கு ஒன்று, வெளிவால்வுக்கு ஒன்று என்று கெடுத்து வைத்த ஒரு ஜோடிப் பழைய லிஃப்டர் இருக்கும். கிளிப்பை எடுத்து, ஸ்பிரிங்கை வெளியே தூக்கிப் போட்டு, அந்த இடத்தில் சரியான உயரத்துக்கு வாஷர்களை அடுக்கி மூடிவிடுவார்கள். அது பிறகு அமுங்காது. எஞ்சினில் ஓடவும் உதவாது. அளப்பதற்கு மட்டும்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் கெடுத்ததும் கெடுக்காததும் ஒன்றுதான். ட்வைட் தன்னுடைய ஜோடிக்கு அடையாளமாக, ஜனெல் பள்ளியில் படித்தபோது எறிந்த சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டிருந்தார்.

3

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் தானாகவே வந்தார். கடையின் பின்புறம், டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். (கதாபாத்திரம் இப்படித் தானாக வந்து எல்லாவற்றையும் சொல்வது பலவீனமான உத்தி. தெரியும். ஆனால் வந்தார், என்ன செய்ய?)

"டப்பாவுல இருந்த பழைய லிஃப்டர் எல்லாத்தையும் பிரேக் க்ளீனர்ல கழுவினேன். தூசி இருக்கக்கூடாதுன்னு."

"நெயில் பாலிஷ்?"

"அதுல நிக்குமா? போயிடுச்சு. சரி, கட்டைவிரல் இருக்கேன்னு ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தேன். ரெண்டு அமுங்கல, அதோட நிறுத்திட்டேன். அதுதான் நம்மளுதுன்னு எடுத்து, அளக்கறதுக்கு மாட்டிட்டேன்."

"சரிதானே?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். போன வாரம் மேஜையைத் துடைக்கறப்போ சும்மா அழுத்தினேன். ஒண்ணு கல்லு மாதிரி நின்னுது. இன்னொண்ணு உள்ள போயிடுச்சு, மேகி. உள்ள பழைய ஆயில் தங்கியிருக்கு. விரலுக்கு விறைப்பா இருந்திருக்கு. வால்வு ஸ்பிரிங் பாரம் ஏறினதும் ஆயிலைக் கக்கிட்டு அமுங்கியிருக்கு. நான் கெடுத்து வெச்ச ரெண்டாவது லிஃப்டர் டப்பாவுக்குள்ளயே தூங்குது."

"களிமண்ணு எவ்வளவு காட்டிச்சு?"

"பத்து சென்ட் காசு மூணை ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச தடிமன். ரெண்டு போதும். மூணு! சந்தோஷத்துல நானும் ஜனெலும் டெண்டர்லாயின் சாண்ட்விச் சாப்பிடப் போனோம்."

"இப்ப நிஜமா எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு இருக்கலாம். ஒரு தாள் நுழையற அளவும் இருக்கலாம். கராஜுல ஸ்டார்ட் பண்ணினப்போ பூனை மாதிரி ஓடுச்சு. மெதுவா ஓட்டினா ஓடும். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்துல வால்வு லேட்டா மூடும், பிஸ்டன் வந்து இடிச்சுடும். அப்பதான் தெரியும்."

அப்போது ஜனெல் கால்மைல் ஓடுபாதையின் கடைசியில் இருப்பாள். எஞ்சின் உடைந்தால் ஆயில் அவள் பின்சக்கரத்தின் அடியில்தான் கொட்டும். சனிக்கிழமை இந்த வருடத்தின் முதல் பந்தயம்.

[தலையைக் கழற்றாமல் டயல் அளவுமானி வைத்தே அளக்கலாமே என்று இரண்டு வாசகர்களாவது எனக்கு எழுதுவீர்கள். அளக்கலாம். அதற்கும் மேல்பாகத்தைப் பிரித்து லிஃப்டரை மாற்ற வேண்டும். எப்படிச் செய்தாலும் எஞ்சின் ஜனெலின் காரில் இருக்கிறது, கார் ஜனெலின் கராஜில் இருக்கிறது, சாவி ஜனெலின் இடுப்பில் இருக்கிறது. திருட்டுத்தனமாக ஒன்றும் செய்ய முடியாது.]

"சொல்லிடுங்க ட்வைட். ஒரு வார்த்தை."

"உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

4

இரண்டு பருவத்துக்கு முன்னால் ட்வைட் கட்டிய எஞ்சின் பாதை நடுவில் உடைந்து, கார் சுவரில் உரசி நின்றது. ஜனெல் தானாக இறங்கி நடந்து வந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்போது ட்வைட் வாய்தவறி, "அந்தப் பிஸ்டன் ராடு போல்ட் மேல எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்," என்று சொல்லிவிட்டார்.

அவள் சொன்னதை அன்று வேலிக்குப் பக்கத்தில் நின்ற எல்லாரும் கேட்டோம். "எஞ்சின் உடைஞ்சதுக்கு எனக்குக் கோவம் இல்லப்பா. எல்லா எஞ்சினும் ஒரு நாள் உடையும். உனக்குச் சந்தேகம் இருந்திருக்கு. காலையில நான் கேட்டப்போ 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொன்னே பாரு, அதுக்குத்தான்."

அதன்பிறகு பக்கத்து கவுன்டியில் வேறொருவரிடம் எஞ்சினைக் கொடுத்தாள். அப்பாவும் மகளும் தேங்க்ஸ்கிவிங் அன்று மட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில்தான் பிக்கப் வண்டியின் பின்னால் எஞ்சின் பிளாக்கை ஏற்றிக்கொண்டு வந்து அவர் வாசலில் இறக்கினாள்.

(ஜனெல் அப்பாவை 'நீ' என்பாளா, 'நீங்க' என்பாளா? அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சண்டை போடுகிற மகள் 'நீ' என்றுதான் சொல்வாள் என்று தோன்றியது. பேசாமல் இருந்த காலத்தில் ஒருவேளை 'நீங்க'வாக இருந்திருக்கும்.)

வியாழன் மாலை, தான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, வேலைக்குப் போட்ட ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஜனெல் கடைக்கு வந்தாள். ஆயில் கேன்களைக் கவுண்டரில் வைத்தாள்.

"அப்பா இங்க வந்தாரா?"

"வந்தார்."

"ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கார். நேத்து யூக்கர் சீட்டாட்டத்துல கையில துருப்பு வெச்சுக்கிட்டே தோத்தார். என்ன வாங்கினார்?"

இதன் முதல் வரைவில் நான் அவள் கையைப் பிடித்து, "ஜனெல், நாளைக்கு நீ அந்தத் தலையைக் கழற்றணும்," என்று சொல்கிறேன். நன்றாகவும் வந்திருந்தது. நடந்தது வேறு.

"ஒண்ணும் வாங்கல. சும்மா வந்தார்," என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தானே இருக்கு மேகி?"

"ஆங்."

ஒரே ஒரு பார்வை. அந்தப் பாரத்துக்கே நான் அமுங்கிவிட்டேன். அவர் பயத்துக்கு இடம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் உயிருக்கு இருந்த இடத்தைக் குறைத்துவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை காலை, கடையில் கூட்டம் வராத நேரத்தில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் சொல்லவில்லை, எஞ்சினும் உடையவில்லை. ஜனெல் ஜெயித்துக் கோப்பையை அப்பா கையில் கொடுக்கிறாள். இதுதான் எல்லா முடிவுகளிலும் கொடூரமானது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு செத்துச் செத்துப் பிழைப்பார்.

இன்னொன்றில் சனிக்கிழமை மழை. பந்தயம் ரத்து. கோழைத்தனம். ட்வைட்டுடையது இல்லை, என்னுடையது.

இன்னொன்றை ஆரம்பித்தேன். "பாதையின் கடைசியில் வெள்ளைப் புகை எழுந்தபோது ட்வைட் வேலியைத் தாண்டி—"

இல்லை. இதை நான் எழுதமாட்டேன். அந்தப் பெண் மூன்று வயதில் எங்கள் கவுண்டர்மேல் உட்கார்ந்து வாஷர்களை எண்ணியவள்.

கடைசியில் அவர் சொல்லிவிடுகிற முடிவை எழுதினேன். அவர் சொன்னதும் ஜனெல் அழுகிறாள், கட்டிப்பிடிக்கிறாள், "பரவால்லப்பா, நீ சொன்னியே, அது போதும்" என்கிறாள். திரும்பப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. வேறு மாதிரி எழுதினேன். முதலில் திட்டுகிறாள், பிறகு கட்டிப்பிடிக்கிறாள். இன்னொரு மாதிரி: திட்டிவிட்டுப் போகிறாள், வாசல்வரை போய்த் திரும்பி வருகிறாள். எங்கே சுற்றினாலும் மன்னிப்பில்தான் வந்து நிற்கிறாள்.

6

மதியத்துக்குப் பிறகு ட்வைட் வந்தார். சவரம் செய்திருந்தார். கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றினார்.

"என்னைப் பத்தி எழுதறியா?"

"யார் சொன்னது?"

"உன் மூஞ்சி சொல்லுது. என்னைப் பாத்ததும் கம்ப்யூட்டர் திரையை அந்தப் பக்கம் திருப்பறே. அதுல நான் அவகிட்ட சொல்லிட்டேனா?"

"ஒண்ணுல சொல்லிட்டீங்க."

"அவ என்ன சொன்னா?"

நான் திரையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன்.

"படி மேகி. உன் பாஷையில இருந்தாலும் பரவால்ல, அர்த்தம் சொல்லு. அவ என்ன சொல்லுவான்னு தெரிஞ்சா போதும், நான் இப்பவே கூப்பிட்டுடுவேன்."

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? தன் கதையிலிருந்து இறங்கி வந்த மனிதர், அடுத்த வரி என்ன என்று கேட்டுக்கொண்டு எதிரே நிற்கிறார். "பரவால்லப்பா" என்ற அந்த ஒரு வரியைப் படித்தால் போதும், அவர் போனை எடுத்துவிடுவார். ஆசையாகத்தான் இருந்தது. திரையைப் பார்த்தேன். நான் எழுதிய முடிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன்.

"ட்வைட், நான் எழுதற ஜனெல் உங்களை மன்னிச்சுடுவா. எப்படி எழுதினாலும் மன்னிச்சுடறா. நான் அழுத்தற பக்கமெல்லாம் அமுங்கறா. அவளை வெச்சு அளக்காதீங்க."

எஞ்சின் கட்டுகிறவர், இதற்குமேல் அவருக்கு விளக்கத் தேவையில்லை.

"அவ என்னை மறுபடி விட்டுட்டுப் போயிட்டா?"

"போகலாம்."

"நீ ரொம்ப நல்லா ஆறுதல் சொல்றே, மேகி."

"நேத்து ஒரு தடவை ஆறுதலாப் பேசிட்டேன் அவகிட்ட. இன்னொரு தடவை முடியாது. நீங்க கூப்பிடலன்னா நான் கூப்பிடறேன்."

"வேண்டாம்," என்றார் சட்டென்று. "அது என் வாயிலேர்ந்து வரணும்."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை எடுத்தார். "இங்கயே இரு, உள்ள போயிடாதே." கூப்பிட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக்கூடாதே என்று இருவருமே ஒரு நொடி வேண்டிக்கொண்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

"சொல்லுப்பா."

"ஜனெல்," என்றார். "எல்லாம் சரியா இல்லம்மா. களிமண்ணுல நான் பாத்த அளவு பொய்யா இருக்கலாம். போன வாரமே தெரியும். இன்னிக்குத்தான் சொல்றேன்."

அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். கவுண்டர் ஒன்றும் அவ்வளவு அகலமில்லை, அவள் குரலும் சன்னமில்லை. ஆனால் அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் கை சும்மா இருக்காது, எங்காவது ஒரு சொல்லைத் தட்டி மிருதுவாக்கிவிடும்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். உங்களிடமும் கொடுப்பதாக இல்லை. இவ்வளவு தூரம் அவரோடு நடந்து வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் அவர்மேல் இரக்கம் வந்திருக்கும். நீங்களும் அவளை மன்னிக்க வைத்துவிடுவீர்கள்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவள் நீளமாகப் பேசினாள். அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமல், முழுவதையும் நின்று கேட்டார்.